ஒரு நிலக்கரிப் பிரதேசத்தின் குடிசன இடாப்பு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியிலே, அப்பலாச்சிய மலைத்தொடரின் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளிடையே, மக்டவல் என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பது எமது மாவட்டத்துக்கு ஏறத்தாழ ஒப்பான நிருவாகப் பிரிவு. ஏறக்குறைய 535 சதுர மைல் பரப்புள்ள இச்சிறு பிரதேசத்திலே 1950ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது 98,887 பேர் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டில் அத்தொகை 19,111 ஆகக் குறைந்துவிட்டது. இவ்வெழுபது ஆண்டுகளில் அம்மண்ணில் போர் எதுவும் நிகழவில்லை. பெரும் பஞ்சமும் தலைகாட்டவில்லை. ஆயினும் ஐவரில் நால்வர் கணக்கிலிருந்து மறைந்துபோயினர்.

இம்மறைவுக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் கூறப்படும். நிலத்தடியில் இருந்த கரி தீர்ந்தது, ஆகவே மக்கள் கலைந்தனர் என்பது ஒன்று. மலைவாசிகள் இயல்பிலேயே முயற்சியற்றவர்கள், அரசாங்கத்தின் உதவியை நம்பிக் கிடந்து கெட்டனர் என்பது மற்றொன்று. பின்னையது அமெரிக்காவின் செல்வர் வட்டாரங்களிலும் பத்திரிகைகளிலும் பலகாலம் விலைபோன கருத்து. இவ்விரு விளக்கங்களும் பிழையானவை என்பதற்கான சான்றை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அக்கவுண்டியைப் பற்றி அரசாங்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதிவைத்த இடாப்புகளிலேயே அது கிடக்கிறது. அவற்றை எவரும் பொழுதுபோக்காக வாசிப்பதில்லை. எண்களின் வரட்சி வாசகரை அண்டவிடாது. ஆனால் பொறுமையோடு நோக்குவார்க்கு ஒரு மக்கட் கூட்டத்தின் வரவும் வாழ்வும் சிதைவும் அவற்றில் அடங்கியிருத்தல் புலனாகும்.

மக்டவல் கவுண்டி 1858இல் வேர்ஜீனியாவின் டாஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அம்மாநிலத்தின் ஆளுநராயிருந்த ஜேம்ஸ் மக்டவல் என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. 1860ஆம் ஆண்டின் முதலாவது குடிசன மதிப்பு அங்கு 1,535 பேரைக் கண்டது. அடிமைகளைத் தனி இடாப்பிலே பதிவு செய்த காலம் அது. அவ்விடாப்பில் மக்டவலுக்கு ஒருவரேனும் இல்லை. பெருந்தோட்டத்துக்கு ஏற்ற சமநிலம் அங்கு இல்லாமையே காரணம். மலைச்சரிவில் சோளம் விதைத்தும், பன்றி வளர்த்தும், காட்டில் வேட்டையாடியும் பிழைத்த குடும்பங்களே அங்கு வாழ்ந்தன. 1863இல் மேற்கு வேர்ஜீனியா தனி மாநிலமாயிற்று. 1870இல் 1,952 பேர், 1880இல் 3,074 பேர். பிறப்பினால் மெல்லப் பெருகும் ஒரு வேளாண் சமுதாயத்தின் எண்கள் இவை.

இம்மக்களின் காலடியில் இருந்த கரியின் பெறுமதியை அவர்களுக்கு முன்னரே பிறர் அறிந்துகொண்டனர். 1873இல் ஜெடிடயா ஹொட்ச்கிஸ் என்னும் நிலவரைவாளர், ஐசையா வெல்ச் என்ற முன்னாட் படைத்தலைவரை அனுப்பி அப்பகுதியின் கரிப்படையை ஆராயச் செய்தார். புகை குறைந்து வெப்பம் மிகுந்த அக்கரி, கப்பல்களுக்கும் உருக்குத் தொழிலுக்கும் மிகவும் உகந்ததாய் அமைந்தது. எல்லைக்கு அப்பால் வேர்ஜீனியாவிலுள்ள பொக்கஹொண்டஸ் என்னுமிடத்தில் முதற் சுரங்கம் திறக்கப்பட்டு, 1883இல் கரி வெளியேறத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி அதே சுரங்கம் வெடித்தது. குறைந்தது 114 பேர் மாண்டனர். அது எவரையும் தயங்கச் செய்ததாகத் தெரியவில்லை. 1888இல் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதை வழியே நோர்போக் அன்ட் வெஸ்ரேண் புகையிரதம் மக்டவலுக்குள் நுழைந்தது. 1892இல் கவுண்டியின் தலைமையிடம், அந்த ஐசையா வெல்ச்சின் பெயர் தாங்கிய புதிய ஊருக்கு மாற்றப்பட்டது. நிலம் அதற்கு முன்னரே முகவர்கள் மூலம் மலிவு விலைக்கு வாங்கப்பட்டு, வெளியூர் முதலாளிகளின் காணிச் சங்கம் ஒன்றின் கைக்குச் சென்றுவிட்டது. 1901இல் அச்சங்கத்தின் சொத்தைப் புகையிரதக் கம்பனியே வாங்கிக்கொண்டது. கரியைத் தோண்டுபவரும் அதனைச் சுமந்து செல்பவரும் வேறாயினும், நிலத்துக்கு உரியவர் எவரும் அங்கு வாழ்ந்தவரல்லர்.

1890இல் 7,300 பேர், 1900இல் 18,747 பேர். இருபது ஆண்டுகளில் ஆறு மடங்கு. பழைய வேளாண் குடும்பங்கள் கூலித் தொழிலாளராக மாறியதும், வெளியூரார் வந்து குவிந்ததும் இந்த இடைக்காலத்திலேதான். இம்மாற்றம் வீட்டுக்கு வீடு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய 1890ஆம் ஆண்டின் இடாப்பு இன்றியமையாதது. ஆனால் அது இன்று இல்லை. 1921 ஜனவரி 10ஆம் தேதி வொஷிங்டனில் வர்த்தகத் திணைக்களக் கட்டிடத்தின் நிலவறையில் தீப்பற்றியபோது, அவ்வாண்டின் இடாப்புகளிற் பெரும்பகுதி தீயாலும் நீராலும் பழுதடைந்தது. எஞ்சியவற்றையும் பேணும் அக்கறையின்றி 1930களில் அரசாங்கமே அழிக்க விட்டது. அச்சிடப்பட்ட மொத்தத் தொகைகள் எஞ்சின. மனிதரின் பெயர்கள் போயின. நாடு முழுவதற்கும் நேர்ந்த இழப்புத்தான் இது. எனினும் ஒரு சமுதாயம் தன் உருவத்தை இழந்து வேறொன்றாக மாறிய அதே வேளையின் சாட்சி அழிந்தது மக்டவலைப் பொறுத்தவரை பெருங்கேடேயாகும்.

1900ஆம் ஆண்டின் இடாப்போ முழுமையாகக் கிடைக்கிறது. அதன் நிரல்களை ஒருமுறை பார்த்தல் தகும். பெயர், நிறம், பிறந்த மாதமும் ஆண்டும், பிறந்த இடம், பெற்றோர் பிறந்த இடம், தொழில், ஆண்டில் வேலையின்றி இருந்த மாதங்கள், எழுத வாசிக்கத் தெரியுமா, ஆங்கிலம் பேச வருமா, வீடு சொந்தமா வாடகையா என்பன அவை. பெண்களிடம் மேலும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. பெற்ற பிள்ளைகள் எத்தனை? அவர்களுள் உயிரோடிருப்போர் எத்தனை? பக்கத்துப் பக்கம் நிற்கும் அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, வைத்தியர்களின் அறிக்கைகள் பலவற்றைக் காட்டிலும் தெளிவாகப் பேசும்.

வீட்டைப் பற்றிய நிரல் சிறப்பாகக் கவனிக்கற்பாலது. சுரங்கக் குடியிருப்புகளின் வீடுகள் யாவும் கம்பனிக்குரியவை. ஆகவே கணக்கெடுப்பாளர் அங்கு வாடகை என்ற குறியையே வீட்டுக்கு வீடு எழுதிச் செல்ல வேண்டியிருந்தது. குடியிருப்பாளனுக்குரிய பாதுகாப்பாவது அவர்களுக்கு இருந்ததா? 1924இல் மேற்கு வேர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம், கம்பனி வீட்டில் வாழும் சுரங்கத் தொழிலாளியின் நிலை எசமானிடம் வேலை செய்யும் ஏவலாளனின் நிலையே என்று தீர்ப்பளித்தது. வேலை போன அன்றே வீடும் போய்விடும். குடிசன மதிப்பு அவர்களை வாடகைக் குடியினர் என்றது. நீதிமன்றம் அந்த உரிமையையும் அவர்களுக்கு மறுத்தது. சம்பளத்தின் ஒரு பகுதி கம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் உலோக வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. வைத்தியருக்கான கட்டணம் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. பாடசாலையும் தேவாலயமும்கூடக் கம்பனியின் தயவில் நின்றன.

இவ்வெண்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்கக் குடிசன மதிப்பிலே 2,500 பேருக்கு மேற்பட்டோர் வாழும், சட்டப்படி நிறுவப்பட்ட ஊரே நகரம் எனப்பட்டது. ஏனையவை யாவும் கிராமப்புறம். 1901இல் நிறுவப்பட்ட யூ. எஸ். ஸ்ரீல் என்னும் பேருருக்குக் கம்பனி, தன் தலைவர் எல்பேட் கேரியின் பெயரால் மக்டவலில் கேரி என்ற சுரங்க ஊரை அமைத்தது. பல சுரங்கங்களும் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் அங்கிருந்தனர். ஆயினும் 1971ஆம் ஆண்டு வரை கேரி சட்டப்படி ஓர் ஊராக நிறுவப்படவில்லை. நகரசபை இருந்தால் தேர்தல் நடக்கும், தேர்தல் நடந்தால் தொழிலாளர் வாக்களிப்பர். இத்தொல்லை கம்பனிக்கு எதற்கு? இவ்வாறாக, கரிப்புகை சூழ, சுவரோடு சுவர் நெருங்கி வாழ்ந்த தொழிற்சாலை மக்கள் பல்லாயிரவர், புள்ளிவிபர நூல்களிலே கிராமவாசிகளாகக் காட்சியளித்தனர். 1930இலிருந்து கிராமவாசிகளைப் பண்ணை சார்ந்தோர், பண்ணை சாராதோர் என இரண்டாக வகுத்தனர். மக்டவலின் பெரும்பான்மையோர் இரண்டாவது கூட்டில் வீழ்ந்தனர்.

இம்மக்கள் எங்கிருந்து வந்தனர்? 1880இல் அக்கவுண்டியிலிருந்த கறுப்பின மக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1910இல், மொத்தம் 47,856 பேரில் அவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். கம்பனியின் ஆட்சேர்ப்பு முகவர்கள் வேர்ஜீனியாவிலும் வட கரோலைனாவிலும் அலபாமாவிலும் திரிந்து, பிரயாணச் செலவைப் பின்னர் சம்பளத்தில் கழித்துக்கொள்வதாகக் கூறி அவர்களைப் புகையிரதத்தில் ஏற்றிவந்தனர். ஹங்கேரியர், இத்தாலியர், போலந்தியர் முதலியோரும் வந்தனர். பலருடைய பெயர்களைக் கணக்கெடுப்பாளர் தம் காதில் விழுந்தவாறே எழுதினர். 1910இல் ஒஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்தவராகப் பதிவான ஒருவர், அந்தப் பேரரசு உடைந்தபின் 1930இல் செக்கோசிலோவாக்கியாவில் பிறந்தவராகப் பதிவாகலாம். அவர் இடம் பெயரவில்லை, எல்லைக்கோடுகள்தாம் பெயர்ந்தன. மூவினத்தாரையும் கலந்து வைத்தால் தொழிற்சங்கம் தலையெடுக்காது என்று முதலாளிகள் கணக்கிட்டனர். குடியிருப்புகளும் நிறத்துக்கும் நாட்டுக்கும் ஏற்பப் பிரித்தே அமைக்கப்பட்டன.

எனினும் தென்மாநிலங்களைப் போலன்றி, மேற்கு வேர்ஜீனியாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்படவில்லை. இதன் பயன் மக்டவலிலே துலக்கமாகத் தெரிந்தது. கீஸ்ரோன் என்ற ஊரிலிருந்து வெளிவந்த கறுப்பினப் பத்திரிகையான மக்டவல் ரைம்ஸ், தன் கவுண்டியைச் ‘சுதந்திர மக்டவல் நாடு’ என்று பெருமையோடு குறிப்பிட்டது. கீஸ்ரோனைச் சேர்ந்த ஹரி கேப்ஹாட் மாநில சட்டசபையில் அமர்ந்து, கூட்டம் கூடி ஒருவரை அடித்துக் கொல்வதற்கு எதிரான சட்டம் 1921இல் நிறைவேறக் காரணராயிருந்தார். 1928இல் அதே ஊரைச் சேர்ந்த மினி பக்கிங்ஹம் ஹாப்பர், காலமான தம் கணவரின் இடத்துக்கு நியமிக்கப்பட்டு, ஐக்கிய அமெரிக்காவின் சட்டசபை எதிலும் அமர்ந்த முதற் கறுப்பினப் பெண்மணியானார். கரிக்குழியினுள் உழைத்தவர் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்தியபோது என்ன செய்ய முடிந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

வாக்குரிமைக்கு இடமளித்த கம்பனிகள் தொழிற்சங்கத்துக்கு இடமளிக்கவில்லை. பால்ட்வின்-பெல்ற்ஸ் என்னும் தனியார் காவற்படை சுரங்க ஊர்களைக் கண்காணித்தது. 1920 மே மாதம் அயற் கவுண்டியிலுள்ள மேட்வன் என்ற ஊரில், தொழிலாளரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வந்த அப்படையினரோடு மோதல் ஏற்பட்டபோது, ஊரின் பொலிஸ் தலைவர் சிட் ஹற்பீல்ட் தொழிலாளரின் பக்கம் நின்றார். 1921 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வேறொரு வழக்குக்காக அவரை மக்டவலுக்கு அழைத்திருந்தனர். வெல்ச் நகர நீதிமன்றத்தின் படிகளில், மனைவியோடு ஏறிச் செல்கையில், அவரும் நண்பர் எட் சேம்பர்சும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருவரிடமும் ஆயுதம் இருக்கவில்லை. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. அம்மாத இறுதியில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் பிளேர் மலையை நோக்கி ஆயுதம் தாங்கிச் சென்றதற்கு இக்கொலைகளே உடனடிக் காரணமாயின. மக்டவலில் தொழிற்சங்கம் வேரூன்றுதற்கு 1933 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உயிரோடிருந்தவரைக் குடிசன மதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணியது. இறந்தவரை எண்ணும் பணியை மாநிலத்தின் சுரங்கத் திணைக்களம் ஆண்டுதோறும் செய்தது. பெயர், வயது, நாடு, மணமானவரா, எவ்வாறு இறந்தார் என்பன அதன் அறிக்கைகளில் அட்டவணையாக அச்சிடப்பட்டன. 1908 டிசம்பர் 29ஆம் தேதி மக்டவலின் லிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 50 பேர் இறந்தனர். பதினைந்தாம் நாள் அதே சுரங்கம் மீண்டும் வெடித்து 67 பேர் இறந்தனர். முதல் விபத்தின் பின் இரண்டு வாரத்துக்குள் தொழிலாளர் மறுபடி குழியில் இறக்கப்பட்டிருந்தனர் என்பதை இவ்விரு தேதிகளே உரைக்கின்றன. 1940 ஜனவரி 10ஆம் தேதி பாட்லி சுரங்கத்தில் 91 பேர் மாண்டனர். ஆனால் மூச்சுப்பையில் கரித்தூள் படிந்து, ஆண்டுக்கணக்காக இருமி, வீட்டுக் கட்டிலில் இறந்தவன் இவ்வட்டவணைகளில் இடம்பெறவில்லை. சுரங்கக்காரனின் இழுப்பு என்று அதற்கொரு சாதாரணப் பெயரிட்டு, அத்தொழிலுக்கு அது இயல்பே எனக் கம்பனி வைத்தியர்கள் அமைந்திருந்தனர். 1969 பெப்ரவரியில் மேற்கு வேர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் சுமார் 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே அந்நோய்க்கு நட்டஈடு வழங்க மாநிலம் சட்டமியற்றியது. அவ்வாண்டு இறுதியில் மத்திய அரசின் சட்டமும் வந்தது.

இனி, தொகை வீழ்ந்த கதைக்கு வருவோம். 1920இல் 68,571, 1930இல் 90,479, 1940இல் 94,354 என ஏறிவந்த எண், 1950இல் உச்சத்தைத் தொட்டது. அக்காலத்தில் நாட்டிலேயே மிகுதியான கரியைத் தோண்டும் கவுண்டி என்று மக்டவல் பெயர் பெற்றிருந்தது. பத்தே ஆண்டுகளில், 1960இல், அது 71,359 ஆயிற்று. 1970இல் 50,666. இரு தசாப்தங்களில் 48,221 பேர் குறைந்தனர். உண்மையில் வெளியேறியோர் இதனினும் பலர். பிறப்பு இறப்பினும் மிக்கிருந்த காலமாதலால், அவ்விருபது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரி தீர்ந்ததா? நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்ப்போம். 1950இல் ஐக்கிய அமெரிக்காவில் 51 கோடி 60 இலட்சம் தொன் மென்கரி தோண்டப்பட்டது. 1960இல் அது 41 கோடி 60 இலட்சம் தொன். ஐந்திலொரு பங்கு குறைவு. புகையிரதங்கள் டீசலுக்கும், வீடுகள் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் மாறியதன் விளைவு அது. ஆனால் தொழிலாளர் தொகையோ ஏறத்தாழ 4,15,000 இலிருந்து 1,69,000 ஆக வீழ்ந்தது. நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் வெளியேற்றப்பட்டனர். ஒரு தொழிலாளி ஒரு நாளில் எடுக்கும் கரி ஏழு தொன்னுக்குச் சற்றுக் குறைவாயிருந்தது, பதின்மூன்று தொன்னை அணுகியது. வெட்டுதலையும் அள்ளுதலையும் ஒருங்கே செய்யும் புதிய இயந்திரம் குழிக்குள் இறங்கிவிட்டது. அப்பாலைக் கரி இன்றும் மக்டவலின் மலைகளில் உண்டு. உருக்காலைகளுக்காக இன்றும் அது அகழப்படுகிறது. தீர்ந்தது கரியன்று, மனிதக் கைகளுக்கான தேவையே.

இவ்விடத்தில் தொழிற்சங்கத் தலைமையைப் பற்றியும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜோன் லூயிஸ் 1950இல் முதலாளிகளோடு செய்த உடன்படிக்கையிலே, உயர்ந்த சம்பளத்துக்கும் தொன்னுக்கு இவ்வளவு என்று செலுத்தப்படும் நலநிதிக்கும் ஈடாக இயந்திரத்தை வரவேற்றார். அந்நிதியால் நோயாளருக்குச் சிகிச்சையும் முதியோருக்கு ஓய்வூதியமும் கிடைத்தன. 1956இல் சங்கத்தின் சொந்த வைத்தியசாலைகள் பத்துத் திறக்கப்பட்டன. இவை சிறிய பேறுகளல்ல. இயந்திரத்தை எதிர்ப்பதும் அறிவுடைமையாகாது. ஆனால் வேலையிழந்தவர் எங்கே போவது என்ற கேள்விக்கு அவ்வுடன்படிக்கையில் விடை இல்லை. எஞ்சியவரின் சம்பளம் உயர்ந்தது, வெளியேறியவர் சங்கத்தின் கணக்கிலிருந்தும் வெளியேறினர். கையால் கரி அள்ளும் கடைநிலை வேலையிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர் முதலில் தள்ளப்பட்டனர். இயந்திரத்தை இயக்கும் வேலை அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. கிளீவ்லன்ட், டிற்றொயிற் போன்ற நகரங்களுக்கு அவர்கள் சென்றனர். 1910இல் மூன்றிலொரு பங்கினை அணுகியிருந்த அவர்களின் விகிதம், 2020இல் பத்திலொரு பங்கினும் குறைவு. சுதந்திர மக்டவல் நாடு கலைந்ததற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

1960இல் ஜோன் கென்னடி வாக்குக் கேட்டு இப்பள்ளத்தாக்குகளில் அலைந்தபோது, உலகின் செல்வம் மிகுந்த நாட்டிலே பசித்த முகங்களைக் கண்டார். 1961 மே 29ஆம் தேதி, புதிய உணவு முத்திரைத் திட்டத்தின் முதற் கூப்பன்கள் மக்டவல் கவுண்டியில் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றது பதினைந்து பேர் கொண்ட ஒரு வேலையற்ற சுரங்கத் தொழிலாளியின் குடும்பம். கிடைத்த தொகை 95 டொலர். அரசாங்க உதவியினால் மலைவாசிகள் சோம்பேறிகளாயினர் என்போர் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் நலம். அம்முதற் கூப்பன் வந்தடைவதற்கு முன்னரே 27,528 பேர் கணக்கில் குறைந்துவிட்டனர்.

1970களின் எண்ணெய் நெருக்கடியால் கரிக்கு மீண்டும் விலையேற, வீழ்ச்சி சிறிது நின்றது. 1980இல் 49,899. பின்னர் உருக்குத் தொழில் நொடித்தது. யூ. எஸ். ஸ்ரீல் கேரிச் சுரங்கங்களை 1986இல் மூடியது. 1990இல் 35,233 பேர். 2000இல் 27,329 பேர். 2001, 2002 ஆகிய ஈராண்டுகளிலும் பெருவெள்ளம் பள்ளத்தாக்குகளை அலசியது. 2010இல் 22,113 பேர். அவ்வாண்டளவில் மக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. சில மணி நேரப் பயணத் தொலைவில், வொஷிங்டனை அடுத்துள்ள செல்வம் மிக்க பெயார்பக்ஸ் கவுண்டியிலே அது ஏறத்தாழ 82. நோவுக்கென எழுதித் தரப்பட்ட அபின் கலந்த மருந்துகள் இப்பிரதேசத்தில் விளைத்த நாசமும் இவ்வெண்ணில் அடங்கும்.

அமெரிக்கச் சட்டப்படி குடிசன இடாப்புகள் எழுபத்திரண்டு ஆண்டுகள் மறைத்துவைக்கப்பட்டுப் பின்னரே திறக்கப்படும். 98,887 பேரின் பெயர்களையும் தாங்கிய 1950ஆம் ஆண்டின் இடாப்பு 2022 ஏப்ரல் 1ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வேறு மாநிலங்களிற் பிறந்த பேரப்பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களை அதில் இன்று தேடலாம். அப்பெயர்களுக்கு நேரே குறிக்கப்பட்ட குடியிருப்புகள் பலவற்றில் இப்போது வீடுகள் இல்லை.

2020ஆம் ஆண்டின் 19,111 என்ற தொகையைப் பற்றியும் ஒரு சொல். வெல்ச் நகருக்கு அண்மையில் 2010ஆம் ஆண்டளவில் மத்திய அரசாங்கம் ஒரு பெரிய சிறைச்சாலையைத் திறந்தது. அமெரிக்கக் குடிசன மதிப்பு, கைதிகளை அவர்களது சொந்த ஊரில் சேர்க்காமல், அடைத்துவைக்கப்பட்டிருக்கும் இடத்தின் குடிகளாகவே எண்ணும். ஆகவே தொலைதூர நகரங்களிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கானோரும் அத்தொகையிலே மக்டவலின் குடிமக்களாக நிற்கின்றனர்.